ஊர்க்காரனின் மகள்

“இந்த ஊரை விட்டுக் கூட்டிட்டுப் போயிடுங்க. மருந்து எழுதித் தரேன். ஆனா மருந்தால மட்டும் ஆகுற காரியம் இல்ல இது” என்றார் டாக்டரம்மா.

மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தவனுக்குச் சுருக்கென்றது. யாரோ தன் தாயைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டதுபோல் முகம் சிவந்தது.

“என்னம்மா இப்படிச் சொல்றீங்க? நான் பொறந்து வளர்ந்தது இங்கதான். எனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஆகலைன்னு யாரு சொன்னா? நீங்க இன்னும் காட்ட வரல, அவ்வளவுதான்.”

பக்கத்தில் நின்ற மனைவி குனிந்தாள். குழந்தையின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சின்ன விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது.

அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவனுக்கு ஊர்க்காரன் என்று பெயர். அங்கே வேலை பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஓய்வறையில் உட்கார்ந்து ஆளாளுக்கு ஊரைத் திட்டுவார்கள். புகை என்பார்கள், நெரிசல் என்பார்கள், காலை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற ஜனங்கள் என்பார்கள். அவன் ஒருத்தன்தான் மல்லுக்கு நிற்பான். “பிடிக்கலையா, மூட்டையைக் கட்டு. சோறு போடுற ஊரைத் திட்டாதே.” அவனைச் சீண்டுவதற்காகவே சில பேர் திட்டுவதும் உண்டு.

மெச்சிக்கொள்ளும்படி அந்த ஊரில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு ஒன்று இருந்தது, கறுப்பாக. அவன் ஓட்டும் தடம் சந்தையில் தொடங்கி, தொழிற்சாலை வாசல்களைத் தொட்டு, ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து, குப்பை மேட்டைச் சுற்றிக்கொண்டு முடியும். அந்த மேடு மழைக்காலத்திலும் கனன்றுகொண்டிருக்கும். ஆனால் அவன் பிறந்தது அந்தத் தடத்தின் ஓரத்தில், ஒரு சலவைக் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில். அப்பா இல்லை. அம்மா பொழுது முழுக்கத் துணி வெளுக்கப் போய்விடுவாள். அவனைத் தெருதான் வளர்த்தது. ஒருமுறை வாய்க்காலில் விழுந்தவனை முன்பின் தெரியாத ஒரு பெண்மணி இழுத்துப் போட்டு, முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, “உங்கம்மா கண்ணீர் விடணுமாடா?” என்று திட்டி, தலை துவட்டி அனுப்பினாள். தன்னை அடிக்க உரிமையுள்ளவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள் என்று அன்றைக்கு அவன் நினைத்துக்கொண்டான். அம்மா போன பிறகும் அநாதை என்ற எண்ணம் அவனுக்கு வராமல் போனதற்கு அதுதான் காரணம்.

மனைவி கடலோரச் சிற்றூர்க்காரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. ஆனால் வாய் திறந்து குறை சொன்னதுமில்லை. மகள் பிறந்தாள். சிட்டு என்று கூப்பிட்டார்கள். பெயருக்கேற்றபடி எடையே ஏறாத குழந்தை. நடக்கத் தொடங்கிய வயதில் இழுப்பும் தொடங்கியது.

டாக்டரம்மா சொன்னதற்குப் பிறகு அவன் சும்மா இருந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. குப்பை மேட்டுப் பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போனான். அங்கே சாயப்பட்டறை நெடி. பாலத்துக்கு மேற்கே போனான். அங்கே கிடங்குகளுக்கு வரும் லாரிகள். மூன்றாவதாக ஒரு மாடி வீடு பார்த்தான். காற்று நன்றாக வரும் என்று தரகர் சொன்னார். காற்று வந்தது, கரியோடு. மனைவி ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி வைப்பாள். மாலையில் எடுத்து அலசினால் வாளித் தண்ணீர் மைபோல் ஆகிவிடும்.

ஒருநாள் அந்த வாளியை அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

“அவங்க ஊரை மாத்தச் சொன்னாங்க. நீங்க தெருவை மாத்திக்கிட்டு இருக்கீங்க.”

“என்ன செய்யச் சொல்றே? உங்க அண்ணன் வீட்டுத் திண்ணைய தேய்ச்சுக்கிட்டு உக்காரச் சொல்றியா?”

“நான் உங்களை ஒண்ணும் சொல்லல. புள்ளைய பாத்துச் சொல்லுங்க.”

அவன் பிள்ளையைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

அடுத்த வாரம் ஒரு காலை நேரம். ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வண்டிகள் நகரவில்லை. அவனுடைய பேருந்து பாலத்தருகே மாட்டிக்கொண்டது. பயணிகள் பொருமினார்கள். அவனோடு பல வருடமாக ஓடும் நடத்துனர், அவனைவிட மூத்தவர், பக்கத்தில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னைக்கு நாம போய்ச் சேர்ந்த மாதிரிதான்” என்றார்.

“நெரிசல் இல்லாட்டி அது ஊராண்ணே? இடுகாடுதான் காலியா இருக்கும்” என்றான் அவன். முன் இருக்கையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இன்ஜினை அணைக்காமல், ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

அதே நெரிசலில், பத்துப் பதினைந்து வண்டிகளுக்குப் பின்னால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஒரு வாடகைக் காரின் பின் இருக்கையில் அவன் மனைவி சிட்டுவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. கார் ஓட்டுநர் இறங்கிப் போய் வழிவிடச் சொல்லிக் கத்திப் பார்த்தார். வழி எங்கே இருக்கிறது விட? கடைசியில் மனைவி காரை விட்டு இறங்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிகளின் இடுக்கில் ஓடினாள். அத்தனை வண்டிகளின் புகையும் அந்தக் குழந்தையின் முகத்து உயரத்தில் வந்துகொண்டிருந்தது. அவனுடைய பேருந்தை ஒட்டித்தான் ஓடியிருக்கிறாள். இடது பக்கமாக. அவன் அந்த நேரம் வலது பக்கம் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் அவன் அவளிடமிருந்து தெரிந்துகொள்ளவில்லை. அவள் சொல்லவே இல்லை. சேதி கேட்டு அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது, குழந்தை என்னவாயிற்றோ என்று பார்க்க வந்திருந்த அந்தக் கார் ஓட்டுநர்தான் வராந்தாவில், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல், நடந்ததைச் சொல்லி அங்கலாய்த்துக்கொண்டிருந்தார்.

“முன்னாடி ஒரு பஸ்ஸு நின்னுச்சு பாருங்க. அவன் பாட்டுக்கு இன்ஜினை ஓட விட்டுட்டு உக்காந்திருக்கான். அந்தப் புகையிலதான் அந்தம்மா குழந்தையோட ஓடுச்சு.”

அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

சிட்டு பிழைத்துக்கொண்டாள். மூக்கிலிருந்து குழாயை எடுத்து, அவளாக மூச்சு விட ஆரம்பித்த அன்றே மனைவி தன் அண்ணனுக்குப் போன் செய்தாள். இவனிடம் கேட்கவில்லை. “நீங்களும் வந்தா நல்லாயிருக்கும்” என்று மட்டும் சொன்னாள். அவன் தலையாட்டினான். நிஜமாகவே போகத்தான் நினைத்தான்.

நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவும் செய்தான். மச்சான் அந்தச் சிற்றூரில் இரும்புக்கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். “மாப்பிள்ளை, கவலைய விடுங்க. உங்க கையில தொழில் இருக்கு” என்று சொல்லி, பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலையும் பிடித்துக் கொடுத்தார். சிட்டு மணலில் ஓடினாள். ஓடிவிட்டு வந்து நின்றால் மூச்சு வாங்கும். எல்லாக் குழந்தைகளுக்கும் வாங்குவதுபோல் வாங்கும், தணிந்துவிடும். முதல் நாள் அதைப் பார்த்தபோது அவன் கொல்லைப்புறம் போய் அழுதான். இழுப்புக்கு மருந்து உறிஞ்சும் குப்பி அலமாரிக்குள் தூசி படிந்து கிடந்தது. சிட்டுவின் கன்னத்தில் சதை போட்டது.

அவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வேனைக் கிளப்பினால் கொட்டாவி விடுவதற்குள் ஊர் முடிந்துவிடும். தெருவில் எல்லோரும் வணக்கம் வைத்தார்கள், எல்லோருக்கும் அவன் இரும்புக்கடைக்காரர் வீட்டு மாப்பிள்ளை. யாரும் அவனைத் திட்டவில்லை. ஒருநாள் வேனைத் தப்பாகத் திருப்பி ஒருவருடைய வேலியைச் சாய்த்துவிட்டான். அவர் ஓடிவந்து, “பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க” என்றார். அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை அங்கேயே தங்கியிருப்பான்.

மழை விட்ட சமயம், “டிப்போவுல ஒரு வேலை இருக்கு, போயிட்டு வந்துடறேன்” என்று கிளம்பினான். மனைவி அவன் பையைப் பார்த்தாள். எல்லாத் துணியும் அதில் இருந்தது.

டிப்போவில் அவனைப் பார்த்ததும் நடத்துனருக்குச் சந்தோஷம்தான். ஆனால் பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை.

“பொண்டாட்டி புள்ளைய அங்க விட்டுட்டு இங்க வந்து எதைய்யா கட்டிக்கிட்டு அழப்போறே? இந்தக் குப்பை மேட்டையா?”

“தெரியலண்ணே.”

“தெரியலைன்னா?”

“அங்க என்னால இருக்க முடியல. குறைன்னு ஒண்ணும் இல்ல. புள்ள முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பவும் முடியல. நான் என்ன ஜென்மம்னு எனக்கே புரியல.”



லீவு கிடைக்கும்போதெல்லாம் மகளைப் பார்க்கப் போனான். முதல்முறை போனபோது சிட்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சாயந்தரமே இருமல் வந்துவிட்டது. மறுபடி போனபோதும் அப்படியே. உள்ளூர் டாக்டர் அவன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, “டீசல்” என்றார். அதிலிருந்து மனைவி ஒரு ஏற்பாடு செய்தாள். அவன் முதலில் மச்சான் கடைக்குப் போக வேண்டும், பின்கட்டில் குளித்து, அங்கே மடித்து வைத்திருக்கும் துணியை உடுத்திக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். அவன் அதன்படியே செய்தான். தலையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தான். மச்சானின் வேட்டி சட்டையில் விருந்தாளிபோல் வந்து நின்றவனை, சிட்டு சற்றுத் தள்ளி நின்றே பார்க்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு தடவை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். “அப்பா, நீ எப்ப உங்க ஊருக்குப் போவே?”

“உனக்கும் அதான்டா ஊரு. நீ பொறந்தது அங்கதான்.”

“அது எனக்கு வேணாம். அங்க மூச்சு முட்டும்.” சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள்.

அன்று பேருந்து நிலையம் வரை மனைவி வந்தாள். வழக்கமாக வரமாட்டாள். புறப்பட இருந்த வண்டியின் அருகில் நின்று, அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. நீங்க வந்துட்டுப் போனா அவ ராவெல்லாம் அழறா. அழுதா இழுப்பு வருது. துணிய மாத்தலாம், இதை எப்படி மாத்துறது?”

“வர வேணாங்கிறியா?”

“வந்தா இருந்துடுங்க. இருக்கிறதா இருந்தா இப்பவே இந்த வண்டிய விட்டுட்டு என்கூட நடங்க. போறதா இருந்தா…” முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “அவ கொஞ்சம் பெருசாகட்டும்.”

ஓட்டுநர் ஏறி இன்ஜினைக் கிளப்பினார். அவன் மனைவியின் கையைப் பிடித்தான். சொரசொரப்பான, சூடான கை. நடக்க வேண்டும் என்றுதான் நினைத்தான். பிற்பாடும் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறான், அந்த நொடியில் நடக்கத்தான் நினைத்தான். ஆனால் வண்டி நகர்ந்தபோது அவன் வண்டிக்குள் இருந்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவன் அங்கே போகவில்லை. வாரம் தவறாமல் போன் செய்வான். மகள் சில சமயம் வந்து பேசுவாள், சில சமயம் விளையாட்டில் இருப்பாள். சந்தை நிறுத்தத்தில் தினமும் ஏறும் காய்கறிக்காரம்மா ஒருத்தி விஷயம் எதுவும் தெரியாதவள். கூடையை இன்ஜின் மேல் வைத்துவிட்டு விசாரிப்பாள்.

“உம் பொண்ணு எப்படிய்யா இருக்கா?”

கியரை மாற்றிக்கொண்டே அவன் பதில் சொல்வான்.

“நல்லா மூச்சு விடுறாம்மா.”