நாற்பத்தெட்டாம் பக்கத்துக்கு அடுத்தது

ஆயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய். மகளின் தேர்வுக் கட்டணமாக டீச்சர் தன் கைக்காசிலிருந்து கட்டியது. ஏழு மாதமாகக் கட்டுக்காரர் திருப்பிக் கொடுக்காதது.

பைண்டிங் கடையில் காகிதக் கட்டுகளை முதுகில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். பணம் கட்டிய அதே வாரம் டீச்சர், "சாயங்காலம் பெரியவங்களுக்கு எழுத்து சொல்லித் தர்றேன், வாங்களேண்ணே" என்றார். கடன்பட்ட வாய் முடியாது என்று சொல்லுமா? போனார். நாற்பத்தாறு வயதில் அ, ஆ எழுதினார். இப்போது விரல் வைத்து வாசிப்பார். ஒரு பக்கம் முடிவதற்குள் டீ ஆறிவிடும்.

அந்த வாரம் கடைக்கு வந்த வேலை, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் அனுபவங்களைக் கதையாக எழுதிய புத்தகம். ஐந்நூறு பிரதி. வெள்ளிக்கிழமை மகளின் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுப்பார்களாம். பதினாறு பக்கமாக மடித்த தாளைக் கடையில் பாரம் என்பார்கள். பாரங்களை வரிசையாக மேசைமேல் குவித்து, சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினால் புத்தகம்.

"அப்பா, டீச்சர் உன்னைப் பத்தி எழுதியிருக்காங்களாம்" என்று மகள் சிரித்தபோதே அவருக்குக் கடன்தான் நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் பெயர் போட்ட பாரத்தைத் தேடி எடுத்தார்.

'அந்த அப்பா கடைசி பெஞ்சில் உட்காருவார். பணம் என்று பேச்செடுத்தால் பென்சில் சீவ எழுந்து போய்விடுவார். எனக்குத் தெரியும், அவர்'

பக்கம் முடிந்தது. அடுத்த குவியலிலிருந்து ஒன்றை உருவினார்.

'பீரோவிலிருந்து பணத்தை எடுத்ததை நான் அன்று யாரிடமும் சொல்லவில்லை.'

விரல் அங்கேயே நின்றது. பள்ளி பீரோவை மாடியிலிருந்து இறக்கிக் கொடுத்தது அவர்தான். கூலிகூட வாங்கவில்லை.

"என்னய்யா மூஞ்சி வெளுத்துடுச்சு?" என்றார் எதிரே புத்தகம் தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா. "எழுத்து தெரியாதப்ப ஒழுங்காச் சாப்பிட்டுட்டு இருந்தே."

"ஒன்னுமில்லம்மா."

"ஒன்னுமில்லாததுக்கா தாளைச் சட்டைக்குள்ள சொருகுறே? முதலாளி பார்த்தா உன்னையும் சேர்த்துத் தைச்சிடுவாரு."

டீச்சர் பென்சில் கொடுத்தது, டீ வாங்கிக் கொடுத்தது எல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. நோட்டம் பார்க்கத்தான் பக்கத்தில் உட்காரவைத்தாரோ? வெள்ளிக்கிழமை மகள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ஐந்நூறு பாரத்தையும் கழிவுக் காகிதத்தோடு தள்ளிவிடலாமா என்றுகூடப் பார்த்தார். கடைசியில் முதலாளியிடம் கெஞ்சி முன்பணம் வாங்கிக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்.

டீச்சர் தனியாகக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டுக்காரர் பணத்தை மேசையில் வைத்தார்.

"எண்ணிக்கோங்க. திருடன் காசில்ல, முன்பணம்."

"என்னண்ணே பேச்சு இது?"

சட்டைக்குள்ளிருந்து தாள்கள் வெளியே வந்தன. டீச்சர் இரண்டையும் புரட்டினார்.

"இது நாற்பத்தெட்டு. இது அறுபத்தஞ்சு. நடுவுல பதினாறு பக்கம் எங்க? பீரோ கதை ஹெட்மாஸ்டர் எழுதினது. அவரோட பழைய ஸ்கூல் கிளார்க்கைப் பத்தி."

காலையில் முதலாளி, ஒரு பாரம் இன்னும் வரவில்லை என்று அச்சகத்தைப் போனில் திட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தானோ தினமும் கட்டு எண்ணுகிறவர். எழுத்தைப் பிடிக்கிற அவசரத்தில் எண்ணைப் பார்க்கவில்லை.

"சரி. அப்ப என்னைப் பத்தி மீதி என்ன?"

டீச்சர் டஸ்டரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். "வெள்ளிக்கிழமை வாசிச்சுக்கலாமே."

அந்தத் தயக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. "இப்பவே."

டீச்சர் கைப்பையிலிருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்தார். "நான் வாசிச்சுக் காட்டறேன்."

"வேணாம். நீங்க எதையாவது விட்டுடுவீங்க. நானே."

விரல் ஊர்ந்தது. வெளியே காவலாளி கேட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

'கொடுத்துவிடுவார். ஆனால் அவர் கொடுக்க வேண்டியது எதுவுமே இல்லை. அந்த ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி ஆகி, நான் கட்டிய பணம் ஒரே மாதத்தில் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. கடன் இல்லையென்றால் வகுப்புக்கு வரமாட்டாரோ என்று பயந்தேன்.'

இரண்டாம் முறையும் வாசித்தார். அதேதான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமையும் கட்டு தூக்கினேன் டீச்சர். சேர்த்தேன், செலவாச்சு, மறுபடி சேர்த்தேன்."

"தப்புதான். அதனாலதான் எழுதினேன்."

"ஊருக்கெல்லாம் எழுதிச் சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட வாயால சொல்லியிருக்கலாம். கடைசி பெஞ்சு தூரமா என்ன?"

கட்டுக்காரர் பணத்தை எடுத்து எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கடனை எழுதி வச்சிருப்பீங்கல்ல? அந்த நோட்டை எடுங்க."

மேசை இழுப்பறையிலிருந்து நோட்டு வந்தது. தன் மகள் பெயரையும் தொகையையும் தானே கண்டுபிடித்து விரலை வைத்தார். டீச்சர் அதன்மேல் கோடு கிழித்தார்.

"தேதி போடுங்க."

போட்டார். குனிந்து அந்தத் தேதியை ஒவ்வொரு எண்ணாக வாசித்துப் பார்த்த பிறகுதான் நோட்டிலிருந்து கையை எடுத்தார் கட்டுக்காரர்.