கண்ணாடி கழற்றிய கணவர்

ஒரு மருத்துவமனைக்கு வழிகாட்டிப் பலகைகள் வடிவமைக்கும் பொறுப்பு ஒரு பெண் கிராஃபிக் டிசைனரிடம் வந்தது. மாதிரியைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கூடத்தின் கோடியிலிருந்து அவரை வாசிக்கவைப்பது அவளது வழக்கம்.

"ஏங்க, அம்பு எந்தப் பக்கம் காட்டுது?"

"அம்பா? கரப்பான்பூச்சின்னுல்ல நெனச்சேன்!"

ஆறு முறை திருத்தினாள். ஏழாவதை அவர் தடுமாறாமல் வாசித்தார்.

மருத்துவமனை நிர்வாகியோ, "என்னம்மா, ஒரு அலங்காரமும் இல்ல, மொட்டையா இருக்கு" என்று முகம் சுளித்தார்.

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "கீழ்த்தளத்துல மட்டும் ஒரு நாள் மாட்டிப் பாருங்க சார்."

மாட்டிய அன்று மாலை, விசாரணை மேசைப் பெண் நிர்வாகியிடம் புலம்பினாள்: "காலைலேருந்து ஒருத்தர்கூட வழி கேக்கல சார். என் வேலைக்கே உலை வெச்சுட்டாங்க!"

மற்ற தளங்களிலும் அதையே மாட்டச் சொன்னார் நிர்வாகி. டிசைனருக்குப் பெருமை பிடிபடவில்லை.