முதல் ஞாயிற்று ஓட்டம்

எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன் வந்துகொண்டிருந்தது. நாங்கள் நடந்தால் அதுவும் நடந்தது. ஓடினால் அதுவும் கொஞ்சம் ஓடியது. ஹாரன் அடிக்கவில்லை; அடித்திருந்தால் கொஞ்சம் மனிதத்தனமாவது இருந்திருக்கும். தலையில் மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, ஆள் சாவதற்கு முன்பே வாசலுக்கு வந்துவிட்ட சவ வண்டியைப்போல மரியாதையாகக் காத்துக் காத்து வந்தது.

மாரத்தான் என்றால் முன்னால் ஓடுகிறவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். கடைசியில் வருகிறவர்களைப் பொறுக்குவதற்கென்று இப்படி ஒரு வேன் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. குறித்த நேரத்துக்குள் குறித்த இடத்தைத் தாண்டாதவர்களை ஏற்றிக்கொண்டு போய் முடிவிடத்தில் கொட்டிவிடும். சென்னையில், புது வருடத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பல ஆயிரம் பேர் ஓடிய பாதி மாரத்தானில், அந்த வேனுக்கு நேர் முன்னால் இருந்தது இரண்டே பேர். ஒன்று சஜன் ஆகிய நான். இன்னொன்று என் அம்மா சத்தியபாய்.

அம்மா கேரளத்தின் தெற்கு எல்லையில், ஆரியங்கோட்டில் தபால்காரி. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போனவர்கள் ஒவ்வொருவராக மனம் உடைந்து திரும்பியதால், ரப்பர் மேடுகளில் இன்னும் நடந்தே தபால் கொடுக்கிறாள். இரண்டு வருடம் முன்பு சர்க்கரை வந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், தினமும் நன்றாக நடக்க வேண்டும் என்றார். நாளெல்லாம் நடக்கிற ஒருத்தியிடம் போய் இதைச் சொன்னால் அவள் வேறென்ன செய்வாள்? ஓட ஆரம்பித்தாள். எங்கள் ஊர் உதியன்குளங்கரையில் விடிகாலை பால் வாங்க வரும் ஆட்கள் முதலில் யாரோ துரத்துகிறார்கள் என்று நினைத்து அவள் பின்னால் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

சென்னையில் ஓடப்போகிறாள் என்றதும் எங்கள் சர்ச் சபையில் அறிவிப்பே கொடுத்தார்கள். பெண்கள் சங்கத்தின் காரியதரிசி ஸ்மிதா அக்கா எல்லோருடைய போனிலும் ஒரு ஆப்பை இறக்கிக்கொடுத்தாள். ஓடுகிறவர் நெஞ்சில் குத்தியிருக்கும் நம்பரில் ஒரு சிப் இருக்கும். அவர் போகப்போக ஊரில் இருப்பவர்கள் போனில் ஒரு சிவப்புப் புள்ளி நகரும். அன்று காலை ஆராதனை தொடங்குவதற்கு முன் எங்கள் சபை முழுவதும் கோயில் முற்றத்தில் நின்று அந்தப் புள்ளிக்காக ஜெபித்துக்கொண்டிருந்தது. என்னைத் துணைக்கு அனுப்பியது அப்பா பொன்னுதாஸ். நீ ஓடி ஒன்றும் கிழிக்க வேண்டாம், அவளை எங்கேயும் விட்டுவிட்டு வராமல் இருந்தால் போதும் என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டார். எனக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சி அதுதான்.

மெரினாவில் மேலும் கீழுமாகச் சுற்றவிட்டார்கள்; அங்கிருந்து அடையாறு வரை எல்லாம் சரியாகவே போனது. தண்ணீர் கொடுத்த பையன்கள் எங்கள் பேச்சைக் கேட்டு, கேரளாவா என்று விசாரித்தார்கள். எங்கள் பக்கத்து நெய்யாற்றின்கரையில் வாயைத் திறந்தால் தமிழா என்று கேட்பார்கள். இரண்டு ஊரிலும் ஆமாம் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். ஒவ்வொரு மேசையிலும் நான் வாழைப்பழமும் பிஸ்கட்டும் எடுத்துத் தின்றேன். இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு ஓடும் அளவுக்கு நான் விளையாட்டு வீரன் அல்ல. அம்மா தண்ணீர் மட்டும் குடித்தாள். சிக்கனமாக ஓடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வேன் வந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. நாய் துரத்தியபோதுகூட நின்று அதனிடம் பேசியவள் அவள்.

"அதுல ஏறினா புள்ளி நின்னு போவும் இல்லியா மக்கா?"

"வேனும் ஓடும்லா. புள்ளி ஜோராட்டு போவும். முதல்ல ஓடினவனயும் முந்திருவே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வேகத்தைக் கூட்டினாள். கூட்டினாள் என்றால், ரெஜிஸ்டர் தபாலோடு போகும்போது நடக்கும் வேகம். ஆற்றுப்பாலத்தில் ஏறி இறங்கினோம். வேனின் எஞ்சின் சத்தம் கழுத்துக்குப் பின்னாலேயே இருந்தது. சபையாரை நினைத்தேன். புள்ளி நின்றால் அவர்கள் என்ன பாடுவார்கள், எந்தப் பாட்டை எந்த ராகத்தில் இழுப்பார்கள் என்றுகூட எனக்குத் தெரியும். அதுவரைக்கும் என் பயம் அவ்வளவுதான். மானம் போய்விடும் என்கிற, கௌரவமான, தாங்கக்கூடிய பயம்.

பாலம் தாண்டியதும் அம்மா கேட்டாள்: "மோனே, நெய்யாறு கழிஞ்ஞோ?"

எங்கள் வீட்டில் மலையாளம் என்பது விருந்தாளிகளுக்கும் சர்க்கார் ஆபீசுக்கும் உள்ளது. பெற்ற பிள்ளையிடம் அவள் அதில் பேசியதே கிடையாது. எங்கள் ஊர் ஆறான நெய்யாறு தாண்டியாச்சா என்று கேட்கிறாளே, கிண்டலாக இருக்கும் என்று நினைத்து நானும் மலையாளத்திலேயே, கழிஞ்ஞு என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். கிண்டல் செய்கிறவர்கள் அப்படித் தலையாட்டமாட்டார்கள்.

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். ஜனவரி மாதத்துக் கடல்காற்றில் அவள் முகத்திலிருந்து வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்தேன். மீன் மாதிரி சில்லிட்டிருந்தது. விரல்கள் தனியாக நடுங்கின. நான் பிடித்ததை அவள் கவனிக்கவே இல்லை. கையை உருவிக்கொண்டு, ஓடுகிற சாலையை விட்டு இடதுபக்கம் ஒரு சந்துக்குள் திரும்பினாள். வழி தெரிந்தவளைப்போல நேராகப் போனாள்.

நான் பின்னால் ஓடினேன். சந்தில் இரண்டு பக்கமும் பெரிய வீடுகள், உயரமான கேட்டுகள். ஒரு கறுப்புக் கேட்டின் முன்னால் போய் நின்று கொண்டியைத் தட்டினாள். தோளில் இல்லாத பையைத் திறந்து, இல்லாத கடிதம் ஒன்றைத் தேடினாள்.

"ஞானசிகாமணி சாரே, ரெஜிஸ்டர் உண்டு. வந்து ஒப்பம் போடணும்."

ஆரியங்கோட்டு ஞானசிகாமணி சார் போன ஓணத்துக்கு இறந்துபோனவர். அடக்க ஆராதனைக்கு அம்மாவோடு நானும் போயிருந்தேன்.

சந்தின் வாய் வழியாக வேன் கடந்துபோவது தெரிந்தது. கடைசி ஆளையும் முந்திவிட்ட நிம்மதியில் அது கொஞ்சம் வேகம் பிடித்திருந்தது. அவ்வளவு நேரம் எது தொலைந்து போனால் போதும் என்று இருந்தேனோ அதைப் பார்த்து, நில்லுங்கள் நில்லுங்கள் என்று அலறினேன். அது போய்விட்டது.

கேட்டுக்கு உள்ளிருந்து ஒரு வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு, காலையிலேயே குடித்திருக்கிறாளா என்று என்னிடம் கேட்டார். சர்க்கரை வியாதி என்றேன். அவர் முகம் மாறியது. கேட்டைத் திறந்து, அம்மாவைப் படியில் உட்கார வைக்க உதவினார். நம்பர் அட்டையில் இருந்த அவசர எண்ணுக்கு அடித்தேன். எடுத்த பெண் நல்ல பெண்தான். எத்தனையாவது கிலோமீட்டரில் நிற்கிறீர்கள் என்று கேட்டாள். நாங்கள் எந்தக் கிலோமீட்டரிலும் இல்லை, ஒரு வீட்டுக்குத் தபால் கொடுக்க வந்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? போனை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அவர் தெருப்பெயரைச் சொல்லிக்கொண்டே, ஆம்புலன்சுக்கு வழி காட்ட மெயின் ரோட்டுக்கு ஓடினார்.

நான் அம்மாவின் முன்னால் மண்டியிட்டேன்.

"எம்மா, காலையில என்ன தின்னே?"

கண் எங்கேயோ இருந்தது. ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் உள்ளே யாரோ விழித்திருந்து பதில் சொன்னார்கள்.

"இண்ணு முதல் ஞாயிறு இல்லியா. திருவிருந்து வாங்காண்டாமா? பதினோரு மணிக்கு எழும்பூர்ல உண்டு."

"மாத்திரை?"

"அது போட்டாச்சு. மாத்திரை தீனியா, மக்கா?"

மாதத்தின் முதல் ஞாயிறு கோயிலில் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பதுதான் திருவிருந்து; எங்கள் பக்கத்தில் அதை வாங்கும் நாளில் அதற்கு முன்னால் ஒன்றும் தின்னமாட்டார்கள். ஊரில் அதனால் ஆபத்து வந்ததில்லை. ஆராதனை முடிந்து நாலு எட்டு வைத்தால் வீடு, வீட்டில் புட்டு. நான் கோயில் பக்கம் போய் ரொம்ப நாளாகிவிட்டதால் மாதத்தின் முதல் ஞாயிறு என்பதே என் நினைவில் இல்லை. அம்மா வெறும் வயிற்றில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறாள். பக்கத்தில் நான் எல்லா மேசையிலும் தின்றுகொண்டே வந்திருக்கிறேன்.

இடுப்புப் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்த ஆரஞ்சு சர்பத் பாட்டிலும் இருந்தன. பிஸ்கட்டை உதட்டருகே கொண்டுபோனேன். வாயை இறுக்கிக்கொண்டாள். பாட்டிலைச் சாய்த்தேன். முகத்தைத் திருப்பி என் கையைத் தட்டினாள். நினைவு பாதி போனவளின் பலம் எனக்கு மேல் இருந்தது. கெஞ்சினேன். ஆண்டவர் கோபிக்கமாட்டார் என்றேன். என் வாயிலிருந்து வந்த சிபாரிசு என்பதாலோ என்னவோ எடுபடவில்லை. போன் அடித்தது. அப்பா. புள்ளி நின்றிருக்கும். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது, விட்டுவிட்டு வரவில்லை, பக்கத்தில்தான் இருக்கிறேன், ஆனால் அவள் போய்க்கொண்டிருக்கிறாள் என்றா?

அவள் தலை பக்கவாட்டில் சரிந்தது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. தூரத்தில் எங்கேயும் சைரன் இல்லை.

பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை.

எங்கள் போதகரின் குரல் எனக்கு நன்றாக வரும். கல்லூரி காண்டீனில் அதற்கு ஒரு கூட்டமே உண்டு. ஒவ்வொரு வார்த்தையின் கடைசியையும் மேலே ஏற்றி, அங்கேயே கொஞ்சம் நிறுத்தி, பிறகு கீழே விடுவார். அந்தக் குரலில், பிஸ்கட்டை இரண்டாகப் பிட்டு, அப்பம் கொடுக்கும்போது அவர் சொல்லும் வார்த்தைகளைச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல். சிரிக்க யாரும் இல்லை. என் குரலே எனக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, மேலே யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்களோ என்று முதுகு கூசியது.

அம்மாவின் கைகள் மெல்ல எழுந்தன. இடது உள்ளங்கையின் மேல் வலது உள்ளங்கை. கோயிலில் பீடத்துக் கம்பிக்கு முன்னால் எப்படி நீட்டுவாளோ அப்படி. நான் துண்டை வைத்தேன். வாயில் போட்டுக்கொண்டாள்.

சர்பத்தைப் பாட்டில் மூடியில் ஊற்றி அதற்குரிய வார்த்தைகளையும் சொன்னேன். குடித்தாள். தலை குனிந்தாள். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போவதற்காக எழுந்திருக்கப் பார்த்தாள்.

அப்பத்துண்டு ஒன்று, பாத்திரத்தில் ஒரு வாய். திருவிருந்து என்றால் அவ்வளவுதானே. அந்த அளவில் அவள் பிழைக்கமாட்டாள். இன்னொரு தடவை நீட்டினேன். வாங்கிவிட்டவள் மறுபடி ஏன் வாயைத் திறப்பாள்? அவள் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எங்கள் சபையில் அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று யோசித்தேன். மிஞ்சியதைக் கீழே கொட்டமாட்டார்கள். பாத்திரம் கழுவும் முறை யாருக்கோ அவர் அதைக் குடித்துத் தீர்க்க வேண்டும். எங்கள் சபையில் அந்த முறை எப்போதும் அம்மாவுக்கு.

போதகரின் குரல் மறுபடி வந்தது.

"சத்தியபாய், பாத்திரம் எடுக்கணும்."

பாட்டிலை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். வேலைக்காரியின் ஒழுங்கோடு, நிறுத்தாமல், அடிவரைக்கும் குடித்தாள். கவிழ்த்துப் பார்த்துக் கடைசிச் சொட்டையும் நக்கினாள்.

அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் மிக மோசமான நேரம். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டில் சாய்ந்திருந்தாள். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்தேன்; கடல்காற்றில் ஒன்றும் தெரியவில்லை. போன் அடித்து நின்று மறுபடி அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் அங்கே இல்லாததுபோல ஒரு பெண் நாயை நடத்திக்கொண்டு கடந்துபோனாள்.

"எலே."

தமிழ். நான் மூச்சு விட்டேன்.

"இது ஆருக்க வீடு?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு இங்க இருக்கோம்?" சுற்றிலும் பார்த்தாள். சட்டையில் சிந்தியிருந்த ஆரஞ்சுக் கறையைப் பார்த்தாள். நாக்கால் உதட்டைத் தடவினாள். பிறகு என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்கு அப்பம் தந்தது ஆரு?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "நான்தான்."

"வார்த்தை சொன்னதும்?"

"ம்."

திருவிருந்து வாங்கத் தகுதி தரும் திடப்படுத்தல் வகுப்பிலிருந்து மூன்று தடவை சுவர் ஏறிக் குதித்தவன் நான். முறைப்படி அப்பம் வாங்கவே எனக்கு உரிமை கிடையாது, கொடுப்பது இருக்கட்டும். அடி விழும் என்று காத்திருந்தேன். அடித்தால் கைக்குப் பலம் வந்துவிட்டது என்று அர்த்தம். அடித்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். அவள் அடிக்கவில்லை. தூரத்தில் சைரன் கேட்டது. வாட்ச்மேன் சந்தின் முனையில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பனுக்க போனை எடு. கெடந்து பயப்படும்" என்றாள். பிறகு சட்டைக் கறையைத் துடைத்துவிட்டுக்கொண்டாள். "எழும்பூருக்கு இனி போவாண்டாம் மக்கா. ஒரு நாள்ல ரெண்டு தடவ வாங்கப்பிடாது."

நான் ஒரு கையால் போனை எடுத்தேன். மற்றக் கையில் இருந்த பாக்கெட்டை அவள் பார்த்தாள்.

"மிச்சம் உள்ளது வெறும் பிஸ்கட்டாக்கும். தா, பசிக்குது."