மூன்று முறை அலசிய பாட்டில்

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நகராட்சிப் பொறியாளர் அறையில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் பொறியாளர் குணசீலன். அவருக்கு வலப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழே, கவுன்சிலர் சரிதா. கதவோர நாற்காலியின் நுனியில் விவசாயி சென்னிமலை. அவர் மனைவி வசந்தாமணி உட்காரச் சொல்லியும் உட்காராமல் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பீரோவுக்குப் பக்கத்து ஸ்டூலில் நான், இளவழகன், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆப்பரேட்டர்.

எங்கள் நிலையத்தில் சுத்தம் செய்த தண்ணீர் வாய்க்கால் வழியாகச் சென்னிமலையின் தீவனப்புல் காட்டுக்குப் போகிறது. மழை குறைந்த ஊர் என்பதால் அவரே மனுப்போட்டு வாங்கிய தண்ணீர் அது. ஒரு மாதமாக வாய்க்காலை ஒட்டிய கிணறு நாறுகிறது என்பது அவருடைய புது மனு.

குணசீலன் ஆய்வக அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். "போன மாசத்து ரிப்போர்ட்டுங்க. எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்குது."

"எருமை வாயே வைக்க மாட்டேங்குதுங்க" என்றார் சென்னிமலை.

"உங்க எருமை எந்த லேபுல வேலை பாக்குதுங்க?" சரிதா சிரித்தார்.

"லேபுக்கெல்லாம் போகலீங்க. மூக்கு இருக்குதுங்க அதுக்கு" என்றார் வசந்தாமணி.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறிக்கைக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது நான். அந்த வாரம் தொட்டிக்குக் காற்றடிக்கும் ப்ளோயர் கருகிவிட்டது. நான்கே நாளில் தொட்டி கறுத்தது. பழுதை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பதினோரு மாதமாக என் நிலையத்து அறிக்கையில் ஒரு குறையும் வந்ததில்லை. மாவட்டக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டாவதைக் கெடுக்க மனம் வரவில்லை. தொட்டிக்குப் பதிலாக, நிலையத்துத் தோட்டத்தின் போர்வெல் குழாயில் மாதிரி பாட்டிலைப் பிடித்தேன். சந்தேகம் வராமலிருக்கத் தொட்டித் தண்ணீர் ஒரு டம்ளர் கலந்தேன். பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும் என்பது விதி. அதையும் விடாமல் செய்தேன். தெரிந்த மெக்கானிக் ஒட்டவைத்த ப்ளோயர் இன்றும் அரைநாள்தான் ஓடுகிறது.

"கெணத்து மேட்டுலதானே மாட்டுக் கொட்டகை? மூத்திரம் ஊறி எறங்கியிருக்கும். கொட்டகையப் பிரிச்சிருங்க" என்றார் குணசீலன்.

சென்னிமலை என் பக்கம் திரும்பினார். "ஏஞ் சாமி, அப்படியும் இருக்குமா? நீ சொன்னாச் சரி. நம்ம தம்பி புடிச்ச தண்ணி தப்பாப் போகாதுங்க."

"இருக்கலாமுங்க" என்றேன்.

திங்கட்கிழமை பிரித்துவிடுவதாக அவர் எழுதிக் கொடுத்தார். அவர் பேனா எழுதவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன்.

வெளியே மொபெட்டை உதைத்துக்கொண்டே, "மனுவெல்லாம் போட்டுட்டேன், மனசுல வச்சுக்காத சாமி" என்றார்.

"எட்டு எருமைய வெயில்லயா கட்டறது?" என்று பின்சீட்டிலிருந்து வசந்தாமணி கேட்டார். கணவரிடம்தான் கேட்டார். ஆனால் என்னைப் பார்த்துக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் தாளில் மின்வெட்டைக் குறை சொல்லியிருந்தேன்; கிழித்தேன். அடுத்ததில் மெக்கானிக்கை. அதையும் கிழித்தேன். கடைசியாக ஆணையருக்கு, தேதி, நேரம், எந்தக் குழாய், எத்தனை டம்ளர் என்று வரிசையாக எழுதினேன். 'கிணறு கெட்டதற்குக் கொட்டகை காரணமல்ல. வியாழனன்று இருக்கலாம் என்று நான் சொன்னதும் பொய்' என்று முடித்தேன். நகல் சென்னிமலைக்கு.

வெள்ளிக்கிழமை காலை தபால் நிலையக் கவுண்டரில் இருந்த கமலவேணி உறைகளைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டுமே உள்ளூருதானுங்க, நாளைக்கே போயிரும். இந்தாளு தோட்டம் உங்க பிளான்ட்டுக்குப் பக்கத்துலதானே? நேர்ல குடுத்திருக்கலாமே?"

"குடுத்திருக்கலாமுங்க" என்றேன்.

சென்னிமலையின் உறையில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. மறுபடி தடவி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தி, பதிவுத் தபாலில் கொடுத்தேன். கமலவேணி முத்திரை குத்தி மூட்டைக்குள் போட்டார்.