நானே கேட்டாலும் சொல்லாதே

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையின் இரண்டாம் மாடியில், என் மனைவி சந்தியா தன் தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டிருந்தாள். (எடுத்துக்கொண்டிருந்தாள் என்றால் இன்னும் எடுக்கவில்லை என்று அர்த்தம்.) நான் ஸ்டாக் ரூம் கதவை ஒட்டி ஒரு ஸ்டூலில், மடியில் பைகளோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு தாயும் மகளும் போனில் சண்டை போட்டது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. புடவைக் கடையில் ஆண்பிள்ளைக்குக் காதைத் தவிர வேறு எதற்கும் வேலை கிடையாது.

கேட்டதை அப்படியே எழுதிவிடலாம், அரை நாள் வேலை என்று நினைத்தேன். ஒரு மாதமாக உயிரை வாங்குகிறது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'வார்சா நகரத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிம்ரன் தன் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வராத வண்டிக்காகத் தெருமுனையில்'

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்கத் தெரியவில்லை. போலந்து பக்கம் நான் போனதில்லை. பனியை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில்தான் பார்த்திருக்கிறேன். பனியில் நிற்கிறவர்கள் காலரைத் தூக்கிவிடுவார்களா, தொப்பி போடுவார்களா, ஒன்றும் தெரியாது.

பெயரிலும் தகராறு. காஞ்சிபுரத்துக்காரப் பெண்ணுக்கு சிம்ரன் என்று பெயரா, வாசகர்கள் நம்ப மாட்டார்கள், மாற்று என்றான் ஒரு நண்பன். அவள் பிறந்த வருஷத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரித் தொட்டில்களில் எத்தனை சிம்ரன்கள் கிடந்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. பெயர் அப்படியே இருக்கும். நம்பாதவர்கள் போகலாம்.

இரண்டாவது தொடக்கம்:

'கங்கையம்மாளின் இடுப்பில் சொருகிய துணிப்பையில் இரண்டு போன்கள் இருந்தன. புடவை மடிக்கக் குனியும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று இடித்து டொக்கென்று சத்தம் போட்டன.'

இது எனக்குத் தெரியும். நானே கேட்டேன். இங்கிருந்து போகலாம்.

3

கங்கையம்மாளுக்குக் கடையில் மடிக்கிற வேலை. விற்கிற பெண்கள் விரித்துக்கொண்டே போவார்கள், இவள் பின்னாலேயே வந்து, ஜரிகை உடையாமல், பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க வேண்டும். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து காலையில் பஸ் பிடித்து வருகிறாள். வேலை நேரத்தில் போனைக் கீழே கல்லாவில் கொடுத்துவிட வேண்டும் என்பது கடைச் சட்டம். ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆதிகேசவன் அந்தச் சட்டத்துக்காகவே பிறந்தவர். கங்கையம்மாள் கொடுப்பதில்லை.

காரணம் இரண்டாவது போன். அது மகளுடையது. சிம்ரன் படிக்க வார்சாவுக்குப் போனபோது, இந்த ஊர் சிம்மைப் பழைய போனில் போட்டு அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். இந்த ஊர் வங்கிக் கார்டும் வீட்டு இரும்புப் பெட்டியில்தான் கிடக்கிறது. அவளிடம் இருப்பது கார்டின் எண் மட்டும். மீனம்பாக்கத்தில் உள்ளே போவதற்கு முன் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னாளாம்.

"இதுல ஓடிபி வரும்மா. யார் கேட்டாலும் சொல்லாத. பேங்க்குல இருந்து பேசறோம்னுவாங்க, போலீஸ்னுவாங்க. நானே கேட்டாலும் சொல்லாத. முதல்ல நான்தானான்னு நல்லா பாரு."

பிறகு படிப்பு முடிந்தது, அங்கேயே வேலை கிடைத்தது, சம்பளத்துக்கு அந்த ஊர்க் கார்டு வந்தது. அதற்கப்புறம் பழைய போனுக்கு வந்ததெல்லாம் ரீசார்ஜ் விளம்பரம்தான். இருந்தாலும் கங்கையம்மாள் அதைத் தினம் சார்ஜ் போட்டு இடுப்பில் சொருகிக்கொள்வாள். பெண் பக்கத்தில் இருக்கிற மாதிரி என்று எழுதினேன். சந்தியா அடிக்கச் சொன்னாள். "ஒவ்வொண்ணுக்கும் உருகாதே. அந்தம்மா பாட்டுக்கு வெச்சிக்கினு இருக்குது."

[இந்த இடத்தில் வண்டி ஆப்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். படித்தவர் கொட்டாவி விட்டதால் பெரும்பகுதியைத் தூக்கிவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான். நம் ஊரில் ஆப்பில் ஆட்டோ போட்டால், டிரைவர் போன் செய்து "கேஷா, ஆன்லைனா?" என்பார். ஆன்லைன் என்றால் அவர் வண்டி உடனே பஞ்சராகிவிடும். சிம்ரன் இருக்கிற இடத்தில் எல்லாம் தலைகீழ். கேஷ் என்று போட்டால் எந்த வண்டியும் திரும்பிப் பார்க்காது, கார்டு என்று போட்டால் எந்தக் கார்டு, உன் கார்டுதானா, நிரூபி என்று ஆயிரம் கேள்வி. உலகத்தில் எங்கே போனாலும் நம் கையில் எது இல்லையோ அதைத்தான் வண்டி கேட்கிறது. கட்டுரை முடிந்தது.]

4

அன்று எங்களுக்கு நடுப்பகல், சிம்ரனுக்குக் காலை. சந்தியா விரிக்கச் சொன்ன அரக்குப் புடவையைக் கங்கையம்மாள் பாதி மடித்திருந்தபோது அவளுடைய சொந்தப் போன் அதிர்ந்தது. ஆதிகேசவன் அந்தப் பக்கம் திரும்பியதும், புடவையை அப்படியே விட்டுவிட்டு ஸ்டாக் ரூமுக்குள் நுழைந்துவிட்டாள். ஒரு கையில் மகளின் போனைப் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்ததால், தன்னுடையதை ஸ்பீக்கரில் போட்டு அட்டைப்பெட்டிமேல் வைத்தாள். என்னால் இரண்டு பக்கமும் கேட்க முடிந்தது அதனால்தான்.

சிம்ரனுக்கு ஒரே அவசரம். பழைய போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லு, நம்ம ஊர்க் கார்டில் வண்டி போட வேண்டும் என்றாள். கேட்டதும் கங்கையம்மாள் உஷாரானாள். மகளிர் குழுவுக்கு வங்கி நடத்திய முகாமில் சொன்னது அப்படியே நடக்கிறதே. அவசரம் என்பார்கள், தெரிந்த குரலில் பேசுவார்கள், குரலை மெஷினிலேயே செய்கிறார்கள் என்று அந்த அதிகாரி சொல்லியிருந்தார். குழுவில் ஒருத்தி, துபாயில் இருக்கிற மகன் கேட்கிறான் என்று நம்பிச் சொல்லிவிட்டு, சீட்டுப் பணம் மொத்தத்தையும் கோட்டைவிட்டிருந்தாள்.

* வீடியோவில் முகத்தைக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்பீர்கள். முகத்தையும் மெஷினில் செய்கிறார்கள் என்று அதே முகாமில் சொல்லிவிட்டார்கள். தவிர, அந்த அறைச் சிக்னலில் குரல் வருவதே பெரிய விஷயம்.

"நீ யார் பேசறது?" என்றாள் கங்கையம்மாள்.

"அம்மா, நான்தாம்மா."

"அப்டிதான் எல்லாரும் சொல்லுவாங்க. எங்க வூட்டு எதிர்ல இன்னா கடை இருக்குது?"

சிம்ரன் யோசிக்கவே இல்லை. சைக்கிள் கடை என்றாள்.

சைக்கிள் கடை மூடி ரொம்ப நாளாகிறது. இப்போது அங்கே கோழிக்கடை. கங்கையம்மாள் விடவில்லை. அடுத்து, அப்பா எங்கே வேலைக்குப் போகிறார் என்று கேட்டாள். வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு என்று பதில் வந்தது. அதுவும் தப்பு. கணவன் இளங்கோவனுக்கு முதுகு போய், மூட்டை தூக்க முடியாமல், இப்போது ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். பெண் கவலைப்படுவாள் என்று அதை அவளிடம் சொல்லாமல் மறைத்ததே கங்கையம்மாள்தான். மறைத்தது இவள், தேர்வு வைப்பதும் இவள், ஃபெயில் ஆக்குவதும் இவள்.

[இந்த இடத்தில் கங்கையம்மாள்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு எழுத்தாளனாக நான் நடுவில் புகுந்து "அம்மா, அது உங்கள் மகள்தான்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு மனிதனாகவும் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். மடியில் பைகள் இருந்தன.]

மூன்றாவதாக, பொங்கலுக்கு நான் என்ன கலர் புடவை கட்டினேன் என்று கேட்டாள். போட்டோ அனுப்பியிருந்தாளாம். அவ்வளவுதான், அந்தப் பக்கம் வெடித்துவிட்டது.

"ஏம்மா இப்டி உயிரை எடுக்கற? நான் ரோட்ல நின்னுக்கினு இருக்கறேன், கை மரத்துப் போச்சு, நீ குவிஸ் போட்டுக்கினு இருக்கற. ஒரு தடவையாச்சும் கேட்டதைக் கேட்டவுடனே செஞ்சிருக்கியா நீ? ஸ்கூல் டூர் ஃபார்ம்ல கையெழுத்து போடக் கூட மூணு நாளு. எல்லாம் என் தலையெழுத்து."

கங்கையம்மாள் மூச்சை விட்டாள். அந்த மூச்சு கதவு தாண்டி எனக்குக் கேட்டது.

"நீதான்டி," என்றாள். "திருடன் மேடம் மேடம்னு மரியாதையா பேசுவானாம். இப்டி எரிஞ்சு வுழ என் பொண்ணாலதான் முடியும்."

5

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சிரித்துவிட்டு நீங்களும் போயிருப்பீர்கள், நானும் சாப்பிடப் போயிருப்பேன். ஆனால் அதற்குள் ஓடிபி காலாவதி ஆகிவிட்டது. இன்னொன்று வர வேண்டும். அது வருகிற இடைவெளியில், எந்தத் தாயும் கேட்கிறதைத்தான் அவளும் கேட்டாள். காலங்காத்தால எங்கே கிளம்பினாய், உன் கார்டுக்கு என்ன வந்தது?

சிம்ரனுக்கு இருந்த எரிச்சலில் பொய் சொல்லப் பொறுமை இல்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். வேலை போய் இரண்டு மாதமாகிறது. தங்குகிற அனுமதியும் முடிந்துவிட்டது, அதனால் அந்த ஊர் வங்கி கார்டை நிறுத்திவிட்டது. கையில் இருந்த ரொக்கம் வாடகைக்குப் போனது. புது வேலை ஒன்று கைகூடுகிற மாதிரி இருக்கிறது, அதற்கு இன்று காலை குடியேற்ற ஆபீசில் நேரில் நிற்க வேண்டும். ஊர் நிறையப் பனி விழுந்து டிராம் நின்றுவிட்டது. கூடத் தங்கியிருப்பவளிடம் ஏற்கனவே கடன் வாங்கியாயிற்று, மறுபடி கேட்க வாய் வரவில்லை.

"இன்னிக்குப் போவலைன்னா ஃபைலை மூடிடுவாங்கம்மா. அப்புறம் நான் ஊருக்கு வந்துடணும். அவ்ளோதான்."

கங்கையம்மாள் கையிலிருந்த போனில் டிங் என்று இரண்டாவது ஓடிபி வந்தது.

மகள் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இவள் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தாள். இங்கே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பிறகு கேட்டால், நெட்வொர்க் போய்விட்டது என்று சொல்லலாம், அந்த அறையில் அதை யாரும் நம்புவார்கள். ஆனால் பெண் அங்கே கை மரத்துப்போய் நிற்கிறாள். அவள் எதற்காக நிற்கிறாள் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

"அம்மா? வந்துச்சா? இருக்கியா?" என்றது அட்டைப்பெட்டிமேல் இருந்த போன்.

அந்த நேரம் பார்த்துச் சந்தியா என்னைக் கூப்பிட்டாள். இங்க கொஞ்சம் வா, இந்தக் கலர் வெளிச்சத்துல எப்டி இருக்குதுன்னு பாரு என்றாள். அப்புறம் வருகிறேன் என்று கையைக் காட்டினேன். இன்னொரு தரம் கூப்பிட்டாள், இந்த முறை பேரைச் சொல்லி. கல்யாணமான வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எழுந்து போனேன். அது பச்சை. நன்றாக இருந்தது. நான் திரும்பி வந்தபோது ஸ்டாக் ரூம் காலியாக இருந்தது, கங்கையம்மாள் அரக்குப் புடவையின் மீதி மடிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) கங்கையம்மாள் எண்ணைச் சொல்கிறாள். மகள் வண்டி ஏறுகிறாள். தாய் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு... வேண்டாம். கண்ணீர் என்ற சொல்லைப் பார்த்ததும் சந்தியா பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

(ஆ) சொல்லவில்லை. மகள் ஊர் திரும்புகிறாள், தாய் மீன்குழம்பு வைக்கிறாள், மகள் ஒரு நாள் கேட்கிறாள், "அன்னிக்கு

இதை எழுதக் கை வரவில்லை.

(இ) ஆதிகேசவன் உள்ளே வந்து இரண்டு போனையும் பிடுங்கிவிடுகிறார். பழி அவர்மேல் போகும், தாயும் தப்பிப்பாள், நானும் தப்பிப்பேன். இதைப் படித்துவிட்டு, "நீ தப்பிக்கறதுக்கு அந்த மனுஷன்தான் கெடைச்சாரா?" என்று கேட்டாள் சந்தியா. நியாயம்தான்.

வேறு வழியில்லாமல், போன வாரம் ரவிக்கைத் துணி வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். கங்கையம்மாளைக் கண்டுபிடித்து, வெட்கத்தை விட்டு, அன்று காதில் விழுந்ததைச் சொன்னேன். கதை எழுதுகிறேன், பெயரை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். (கேட்டுக்கொண்டபடி தாய் தகப்பன் பெயரை மாற்றிவிட்டேன். மகள் பெயரை மாற்றக் கூடாது என்று கங்கையம்மாளே சொல்லிவிட்டாள்.) கடைசியில் கேட்டேன், அந்த எண்ணைச் சொன்னீர்களா?

"ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது சார்."

எண் வேண்டாம்மா, சொன்னீங்களா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன்.

"அதுவும் அதோட சேர்த்திதான்." பிறகு, "நீங்க இன்னா முடிவு வெச்சீங்க?" என்று கேட்டாள். இன்னும் வைக்கவில்லை என்றேன். நாற்பது புடவை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறவர்களைப் பார்க்கிற பார்வை ஒன்று அவளிடம் உண்டு. அதை எனக்குக் கொடுத்துவிட்டு மடிக்கக் குனிந்தாள்.

குனிந்தபோது காதைத் தீட்டிக்கொண்டேன். பெண் ஊருக்கு வந்திருந்தால் தன் சிம்மையும் போனையும் வாங்கிக்கொண்டிருப்பாள், துணிப்பையில் ஒரு போன்தான் இருக்கும், சத்தம் வராது. வரவில்லை என்றால் இரண்டும் இடிக்கும். ஆனால் முகூர்த்த சீசன், மாடி முழுக்கக் கூட்டம், ஸ்பீக்கரில் நாகஸ்வரம் வேறு அலறிக்கொண்டிருந்தது. கேட்டதா, கேட்கவில்லையா, சத்தியமாகத் தெரியவில்லை. அடக்க மாட்டாத எரிச்சலோடு ரவிக்கைத் துணிக்குப் பணம் கட்டினேன். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, கேஷ் இருக்கிறதா என்றார்கள்.

ஆகவே நீங்கள் போங்கள். முகூர்த்தமில்லாத மாதமாகப் பார்த்துப் போங்கள், இரண்டாம் மாடி. ஒரு புடவையை மட்டும் விரிக்கச் சொல்லுங்கள், அவள்தான் மடிக்க வேண்டும். அவள் குனியும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் சொல்லாதீர்கள். நானே கேட்டாலும்.