மேனேஜரின் மெத்தை

தையல் மெஷின் உறையை எடுக்கும்போதே ஏதோ குறைவது அவளுக்குத் தெரிந்தது. மேனேஜரின் சத்தத்தைக் காணோம். மிதிகட்டையில் அவள் கால் வைப்பதற்குள் ஓடிவந்து, கீழே கிடக்கும் வெட்டுத்துணிகளை ஒவ்வொன்றாகத் தலை சாய்த்துப் பார்வையிடுகிற கோழி அது. அதனால்தான் அவள் கணவர் அப்படிப் பெயர் வைத்தார். கடிகாரம் பழுதுபார்த்தவர், போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அவர் கையால் வளர்ந்த உயிர் வீட்டில் இது ஒன்றுதான் மிச்சம்.

மரப்பெட்டிக்குள் கோழி சரிந்து கிடந்தது. தூக்கினால் ஈரத்துணி போலக் கழுத்து தொங்கியது. கண்ணை வெள்ளைச் சவ்வு பாதி மூடியிருந்தது. நேற்று மாலைவரை வாசலில் பூனையை விரட்டிக்கொண்டிருந்தது.

போன் செய்ததும் கொழுந்தன் வந்துவிட்டான். பஸ் டிரைவர், காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“என்ன அண்ணி, மேனேஜர் லீவு லெட்டர் குடுத்துட்டாரா?”

“வாயைக் கழுவு தம்பி. இதுவும் போச்சுன்னா இந்த வீட்ல நான் யார்கிட்ட பேசுறது?”

அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கோழியை மடியில் வாங்கினான். அவள் அலகைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். இதே கையால்தான் கணவரையும் கடைசி மூன்று மாதம் பார்த்துக்கொண்டாள். ராத்திரி எட்டு மணி அடித்தால் உள்ளங்கையில் மாத்திரை, இன்னொரு கையில் டம்ளர். அவர் வாயில் போட்டுக்கொண்டு நாக்கை நீட்டிக் காட்டுவார். “பாத்துக்க போலீஸ்காரி, முழுங்கியாச்சு.” பிறகு கோழியைத் தூக்கிக்கொண்டு தானே போய்ப் பெட்டியில் விட்டுவிட்டு வருவார். நாலடி நடக்கிறாரே என்று அவளுக்கு மனசு குளிரும்.

மதியம் கோழி ஒருமுறை கழுத்தை உதறியது. நல்லதாக மெத்தை போட்டுப் படுக்கவைக்கலாம் என்று பெட்டியிலிருந்த பழையதை எடுத்தாள். வெட்டுத்துணி அடைத்து அவளே தைத்தது. கோழி கொத்திக் கொத்தி ஒரு மூலை பிரிந்திருந்தது. அங்கே வெள்ளையாக ஒரு மாத்திரை எட்டிப் பார்த்தது.

அந்த மூலையில் ஓடியது நீல நூல். அவள் தைத்தது வெள்ளை நூலில். அவள் தையலே இல்லை அது. கடிகாரப் பல்சக்கரத்தின் பற்கள் மாதிரி, பொடிப்பொடியாக, நெருக்கி நெருக்கி. சட்டையில் பொத்தான் அறுந்தால்கூட அவளிடம் நீட்டுகிற மனிதர்.

இழுத்தாள். வெட்டுத்துணியோடு மாத்திரைகள் மடியில் கொட்டின. பலவற்றின் விளிம்பு எச்சிலில் கரைந்து, துணியோடு காய்ந்து ஒட்டியிருந்தது.

கொழுந்தன் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

“உனக்குத் தெரியுமா?”

“அண்ணிகிட்ட மூச்சு விடாதடான்னுட்டாரு. இனிமே குணமாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். இந்த வலி மாத்திரையைப் போட்டா நாள் பூரா தூக்கமா வருதாம். நீங்க பேசுறது காதுல விழ மாட்டேங்குதாம்.”

“வலிக்குதான்னு தினம் கேட்டேன். இல்லவே இல்லைன்னாரு. உனக்குத் தெரியும், இந்தக் கோழிக்குத் தெரியும். கட்டினவளுக்குத்தான் தெரியல.”

“அண்ணி...”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தூக்கி எறிஞ்சிருப்பேன்ல?”

சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. அடம் பிடித்துக் கொடுத்திருப்பாள். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் கோழி தள்ளாடி எழுந்து, தானாகவே தண்ணீர் குடித்தது. மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல வீட்டையே கூப்பாட்டால் நிறைத்தது.

அன்று ராத்திரி அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பிளேடு முனையால் நீலத் தையலை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தாள். எட்டு மணி அடித்தது. கோழி அவருடைய நாற்காலியில் தாவி ஏறி, கழுத்தை நீட்டி அவள் கையைப் பார்த்தது. அவள் நூல் துணுக்குகளை உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடினாள்.

மூடிய விரல்களின் மேல் அது கொத்திக்கொண்டே இருந்தது.