வார்ப்பிரும்புக்கு ஒரு குளியல்

ஓய்வு பெற்ற தராசு ஆய்வாளர் முப்பத்து மூன்று வருடம் அடுத்தவர் தராசில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். அவர் தொப்பை தெருமுனை திரும்பும்போதே கடைக்காரர்களுக்கு நாக்கு வறண்டுவிடும். அப்பேர்ப்பட்டவருக்கு அறுபத்து மூன்றாவது வயதில் தானே ஒரு சோதனையில் தேறவேண்டிய கட்டாயம் வந்தது.

எல்லாம் மாமனார் விட்டுப்போன காரால். அது மனைவிக்கும் அவள் தம்பிக்கும் பொது. தம்பியோ அதை ஓர் ஓட்டல்காரருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். என்ஜினைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பூந்தொட்டி வைத்து வாசலில் நிறுத்துவார்களாம்.

"அத்தான், சனிக்கிழமைக்குள்ள புகைச் சோதனையில பாஸ் பண்ணிக் காட்டுங்க. வண்டி உங்களுக்கே. இல்லேன்னா பூந்தொட்டி."

"பூந்தொட்டியை உன் தலையில வை, மச்சான்" என்றார் ஆய்வாளர்.

பழைய கார்புரேட்டரை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையில் தேறுவது நடக்காத காரியம். ஆகவே புது வண்டிகளில் இருப்பதுபோல கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் ஏற்பாட்டுக்கு மாற முடிவு செய்தார். அதுவும் சிக்கனமாக. கவிழ்ந்த வேனிலிருந்து பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், நசுங்கிய காரிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டி, எங்கிருந்தென்று விற்றவனே சொல்லக் கூச்சப்பட்ட ஒரு பம்ப். ஆறு வண்டிகள் உறுப்பு தானம் செய்து ஒரு கிழத்துக்கு உயிர் கொடுத்தன.

ஒன்று மட்டும் பாக்கி. பெட்ரோல் கூடவா குறைவா என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய, புகையை மோந்து பார்க்கும் மூக்காக ஒரு சென்சார் வேண்டும். அதைப் பொருத்த, என்ஜினின் நான்கு துளைப் புகையும் ஒன்றாகச் சேரும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஓட்டை போட்டு ஒரு நட்டைப் பற்றவைக்க வேண்டும். மேனிஃபோல்டோ வார்ப்பிரும்பு.

தெருக்கோடியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அம்மாள் அந்த வேலையை அழகாகச் செய்தாள். மேனிஃபோல்டைச் சூடேற்றி, நட்டைப் பற்றவைத்து, அப்படியே ஒரு டிரம் உலர்ந்த மணலில் புதைத்து அவர் வீட்டு வாசலில் இறக்கினாள்.

"சார், நாளைக்குக் காலை வரைக்கும் தொடாதீங்க. வார்ப்பிரும்பு மெதுவா ஆறணும். அவசரப்படுத்தினா கோவிச்சுக்கும்."

"எனக்கா சொல்றே? நான் பார்க்காத இரும்பா?" என்றார் அவர். பார்த்ததெல்லாம் எடைக்கல்.

அரை மணி நேரம் டிரம்மைச் சுற்றி நடந்தார். பிறகு இடுக்கியால் அதை வெளியே எடுத்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு பக்கெட் தண்ணீரை அதன் தலையோடு கொட்டினார். மேனிஃபோல்டு 'டிக்' என்றது. சந்தோஷத்தில் சொல்கிறது என்று நினைத்தார்.

மறுநாள் வண்டி கிளம்பியது. கிளம்பியதா! பின்னால் எழுந்த கறுப்புப் புகையில் எதிர்வீட்டு வெள்ளைநாய் சாம்பல் நிறத்துக்கு மாறி, சொந்த எஜமானே அதைத் துரத்தினான். மொட்டை மாடித் துணிகளெல்லாம் துக்கம் அனுசரித்தன. பெட்ரோல் முள் கண்ணெதிரே சரிந்தது.

ஆய்வாளர் கம்ப்யூட்டரைத் திட்டினார். சென்சாரைத் திட்டினார். பெட்ரோலில் கலப்படம் என்றார். இரண்டு நாள் இப்படியே கழிந்து வியாழக்கிழமை மதியம் ஆனது. பட்டறை அம்மாள் வந்தாள். மச்சான் வேடிக்கை பார்க்க நாற்காலியே போட்டுக்கொண்டான்.

அம்மாள் மேனிஃபோல்டைக் கழற்றி, நட்டைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்குக்கட்டிப் பொடியைத் தூவினாள். வெள்ளைப் பொடியில் தலைமுடிபோல் ஒரு கோடு ஊறி வந்தது.

"விரிசல், சார். இது வழியா வெளிக்காத்து உள்ளே போகுது. மூக்கு அதை மோந்துட்டு, பெட்ரோல் பத்தலைன்னு பொய் சொல்லுது. கம்ப்யூட்டரும் நம்பி ஊத்தோ ஊத்துன்னு ஊத்துது." அவள் நிமிர்ந்தாள். "என் வெல்டிங் கோளாறுன்னா இந்த ஒண்ணை அடைச்சா போதும். தண்ணி பட்டிருந்தா அடியிலயும் விரிஞ்சிருக்கும். துரு மொத்தமும் சுரண்டித் தேடணும். ராத்திரி வரைக்கும் இழுக்கும். தண்ணி ஊத்தினீங்களா?"

"சேச்சே!" என்று அவர் வாய் தானாகச் சொன்னது.

"அப்போ என் தப்புதான்" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "முப்பது வருஷத்துல இப்படி ஆனதில்ல."

மச்சான் உச்சுக்கொட்டினான். "பொம்பளைங்க வெல்டிங் பண்ணா இப்படித்தான்."

ஆய்வாளர் மனசுக்குள் எடை போட்டார். ஒத்துக்கொண்டால் இந்தப் பயல் சாகும்வரை சொல்லிக் காட்டுவான். ஒத்துக்கொள்ளாவிட்டால் வண்டி வயிற்றில் செம்பருத்தி. மனைவி கதவோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கொண்டுவிட்ட வண்டி.

"கொஞ்சம் ஊத்தினேன்."

"கொஞ்சம்னா? ஒரு டம்ளரா?" என்றாள் அம்மாள்.

"ஒரு... பக்கெட்."

மச்சான் சிரித்த சிரிப்பில் நாற்காலிக் கால் ஒன்று உடைந்தது. அம்மாள் சிரிக்கவில்லை. "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, பெரிய மனுஷரே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துருவைச் சுரண்ட ஆரம்பித்தாள். அடியில் இன்னும் இரண்டு விரிசல் இருந்தன. மூன்றையும் அடைத்து மறுபடி மணலில் புதைத்தாள். வெள்ளிக்கிழமை முழுக்க ஆய்வாளர் டிரம் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தார். டம்ளரோடு வந்த மனைவியைக்கூடப் பத்தடி தள்ளி நிறுத்தினார்.

சனிக்கிழமை சோதனை நிலையத்தில் வண்டி விட்ட புகை, குளிர்காலத்தில் குழந்தை விடும் மூச்சளவுதான். தேர்ச்சிச் சீட்டை வாங்கிக் முன் கண்ணாடியில் ஒட்டினார். மச்சான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறினான்.

ஆய்வாளருக்கு நெஞ்சு இரண்டங்குலம் விரிந்தது. "அடுத்து பிரேக்தான். கொஞ்சம் இழுக்குது. பட்டறைக்கெல்லாம் எதுக்கு? நானே..."

"ஏங்க," என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த மனைவி, ரோட்டைப் பார்த்தபடியே, "நீங்க ஸ்பேனரைத் தொட்ட மறுநிமிஷம், நானே வண்டியை எடுத்துட்டுப் போய் ஓட்டல்காரர்கிட்ட விட்டுடுவேன். தொட்டியில உங்களையும் நட்டு."

பின்சீட்டில் மச்சானின் முகம் மெல்ல மலர்ந்தது.